கதவை என்ன பண்ணாங்க? பிரிட்டிஷ் ஃபார்ஸ் படங்கள்ல எதை முதல்ல பாக்கலாம்

போன வாரம் சித்தி பையன் போன் பண்ணான். "அக்கா, சனிக்கிழமை ராத்திரி எல்லாரும் வீட்ல இருக்கோம். நீ எப்பவும் சொல்லுவியே, பிரிட்டிஷ் ஃபார்ஸ், அந்தக் குழப்படி காமெடி, நாடகத்துலேர்ந்து படமா எடுத்தது, அதுல ஒண்ணே ஒண்ணு சொல்லு, போட்டுப் பாக்கறோம்"னு கேட்டான். யார் யாரு இருப்பீங்கன்னு கேட்டேன். சித்தி, சித்தப்பா, அவன், காலேஜ் நாள்ல மேடை ஏறி நடிச்ச அவன் வைஃப், எட்டு வயசுலயும் பதினோரு வயசுலயும் ரெண்டு பசங்க. சித்திக்கு இங்கிலீஷ் நிதானமாப் பேசினா புரியும், கடகடன்னு பேசினா விட்டுடுவாங்க.

ரெண்டு நாள் டைம் குடுடான்னு சொல்லிட்டேன். ஒரு படம் சொல்றதுக்கு ரெண்டு நாளான்னு அவனுக்கு ஆச்சரியம். ஆனா இந்த வகையில முதல் படம் தப்பாப் போச்சுன்னா "ஓ, ஆளுங்க கத்திக்கிட்டு ஓடிக்கிட்டே இருக்கறதுதானா"ன்னு முடிவு பண்ணிட்டு அப்புறம் அந்தப் பக்கமே திரும்பமாட்டாங்க. நான் அப்படி ரெண்டு மூணு பேரை இழந்திருக்கேன், அதனாலதான் இவ்வளவு கவலை.

எதை வெச்சு எடைபோடறேன்னு முதல்ல சொல்லிடறேன். ஃபார்ஸ்ல வசனத்துல இருக்கற சிரிப்பு கொஞ்சம்தான். ஒருத்தன் ஒரு சின்னப் பொய் சொல்றான், அதைக் காப்பாத்த இன்னொரு பொய், அதுக்குள்ள வரக்கூடாத ஆளு வந்து கதவைத் தட்டறாங்க, இவனை அலமாரிக்குள்ள தள்ளு, அவளை பெட்ரூமுக்கு அனுப்பு. எந்தக் கதவுக்குப் பின்னாடி யாரு இருக்காங்கன்னு நமக்குத் தெரியும், மேடையில நிக்கறவனுக்குத் தெரியாது. அவன் அந்தக் கதவைப் பாத்து நடக்கறப்ப நம்ம வயித்துல ஒரு இழுப்பு வருதே, அதுதான் ஃபார்ஸ். தியேட்டர்ல உக்காந்தா எல்லாக் கதவும் ஒரே நேரத்துல கண்ணு முன்னாடி இருக்கு. படத்துல அப்படி இல்ல, கேமரா எதைக் காட்டுதோ அது மட்டும்தான் இருக்கு. ஒரு ஆளு முகத்துக்கு க்ளோசப் வெச்சா அஞ்சு கதவு காணாமப் போகுது. அதனால ஒவ்வொரு படத்துலயும் நான் கேக்கற கேள்வி ஒண்ணுதான், கதவை என்ன பண்ணாங்க?

இதுக்கு ரொம்ப வலிக்கிற உதாரணம் 'ரன் ஃபார் யுவர் வைஃப்'. ரே கூனி எழுதின நாடகம், 1983ல லண்டன்ல ஆரம்பிச்சு கிட்டத்தட்ட ஒன்பது வருஷம் ஓடுச்சு. ஜான் ஸ்மித்னு ஒரு டாக்ஸி டிரைவர், விம்பிள்டன்ல ஒரு பொண்டாட்டி, ஸ்ட்ரெதம்ல ஒரு பொண்டாட்டி, ரெண்டு பேருக்கும் ஒருத்தரைப் பத்தி ஒருத்தருக்குத் தெரியாது, ஷிஃப்ட் நேரத்தை வெச்சு ஓட்டிக்கிட்டு இருக்கான். ஒரு நாள் தலையில அடிபட்டு ஆஸ்பத்திரியில ஒரு அட்ரஸ், போலீஸ்ல ஒரு அட்ரஸ்னு மாத்திக் குடுத்துடறான், அவ்வளவுதான், எல்லாம் அவிழ ஆரம்பிக்குது. மேடையில இதுக்கு ஒரு அற்புதமான ஏற்பாடு உண்டு: ரெண்டு வீடும் ஒரே செட்டுதான். ரெண்டு பொண்டாட்டியும் ஒரே மேடையில, ஒரே நேரத்துல நடமாடுவாங்க, ஒருத்தரை ஒருத்தர் உரசற தூரத்துல தாண்டிப் போவாங்க, ஆனா கதைப்படி ரெண்டு பேரும் வேற வேற ஏரியாவுல இருக்காங்க. பாக்கறவங்களுக்கு மட்டும்தான் அந்த ரெண்டு உலகமும் சேர்ந்து தெரியும்.

படமா வந்தப்ப, 2013ல, கூனியே இன்னொருத்தரோட சேர்ந்து டைரக்ட் பண்ணாரு, டேனி டயர் ஹீரோ. படத்துல ரெண்டு வீடு நிஜமாவே ரெண்டு வீடா ஆயிடுச்சு. இங்க ஒரு சீன், கட், அங்க ஒரு சீன். அந்த ஒரே செட்டு போன உடனே நாடகத்தோட உயிரே போச்சு, மிச்சம் இருந்தது பொய் சொல்லிக்கிட்டு ஓடற ஒரு ஆளு மட்டும். முதல் வார இறுதியில ஒன்பது தியேட்டர்ல சேத்து வசூல் 602 பவுண்ட். ஜூடி டென்ச்லேர்ந்து ஏகப்பட்ட பெரிய ஆளுங்க ஒரு நொடி வந்துட்டுப் போனாங்க, ஒண்ணும் உதவல. எழுதின அதே மனுஷன் கையிலயே இப்படி ஆனதுதான் எனக்குத் தாங்கல. நாடகம் அவ்வளவு நல்லா கட்டின நாடகம். படத்தை விட்டுடுங்க, முடிஞ்சா நாடகத்தைப் படிங்க, எங்கயாவது மேடையில போட்டா தவறாமப் போங்க.

சரி, இது கழிஞ்சுது. மிச்சத்துல எதை எடுக்கறது?

பழசுலேர்ந்து வந்தா 'சார்லிஸ் ஆன்ட்' இருக்கு. பிராண்டன் தாமஸ் எழுதி 1892ல மேடை ஏறினது, முதல் லண்டன் ஓட்டத்துலயே 1,466 காட்சி, அந்தக் காலத்துக்கு அது சாதனை. ஆக்ஸ்ஃபோர்ட் மாணவங்க ரெண்டு பேருக்கு தங்களோட காதலிகளை ரூமுக்குக் கூப்பிடணும், துணைக்கு ஒரு பெரியவங்க இல்லாம பொண்ணுங்க வரக்கூடாதுங்கற காலம், பிரேசில்லேர்ந்து வரவேண்டிய அத்தை வரல, உடனே ஒரு நண்பனுக்குக் கறுப்புப் பாவாடையும் விக்கும் மாட்டி அத்தையாக்கிடறாங்க. அப்புறம் நிஜ அத்தை வந்துடறாங்க. ஆம்பளை பொம்பளை வேஷம் போடற காமெடி நமக்குப் புதுசு இல்ல, அதனால சித்திக்கு ஒரு வார்த்தை விளக்கம் தேவைப்படாது. நிறைய தடவை படமாச்சு, சார்லி சாப்ளினோட அண்ணன் சிட்னி சாப்ளின் 1925ல ஊமைப் படமாவே பண்ணிட்டாரு. கிடைக்கறதுல பாக்கலாம்னு நான் சொல்றது 1941ல ஜாக் பென்னி நடிச்ச அமெரிக்கப் படம். பென்னிக்கு அப்ப 47 வயசு, காலேஜ் பையனா வராரு, அது உறுத்தும்னு நெனச்சேன், ஆனா வேஷம் மாட்டினதும் அவரோட அந்த அவமானம் தாங்கின முகம் ஒண்ணு இருக்கு பாருங்க, வயசெல்லாம் மறந்துபோச்சு. குறை என்னன்னா, ஒரே ஒரு ஜோக்குதான் படம் பூரா, அதை நல்லா ஓட்டறாங்க, ஆனா கதவு கணக்கு சுமார்தான். முதல் படமாப் போட்டா ஒரு தப்பும் இல்ல, ஃபார்ஸ்னா என்னன்னு முழுசாத் தெரியாது, அவ்வளவுதான்.

ஆல்ட்விச் தியேட்டர்ல பென் டிராவர்ஸ் எழுதின ஃபார்ஸ் எல்லாம் 1920கள்ல பெரிய பேரு. 'ரூக்கரி நுக்' 1926ல நாடகம், 1930ல படம், மேடையில நடிச்ச டாம் வால்ஸ், ரால்ஃப் லின், ராபர்ட்சன் ஹேர் அப்படியே படத்துலயும், வால்ஸே டைரக்‌ஷன். பேசும்படம் அப்பதான் வந்திருக்கு, கேமரா நகர முடியாம முதல் வரிசையில டிக்கெட் வாங்கி உக்காந்த மாதிரி இருக்கும். கதவெல்லாம் பத்திரமா இருக்கு, ஆனா படம் மூச்சு விடல. இந்த வகையை நேசிச்சு உள்ள போனதுக்கு அப்புறம் தேடிப் பாக்கவேண்டியது, சனிக்கிழமை ராத்திரிக்கு இல்ல.

1950கள்ல லண்டன் வைட்ஹால் தியேட்டர்ல ஃபார்ஸ்னா நடிகர் பிரையன் ரிக்ஸ்தான். 'ரிலக்டன்ட் ஹீரோஸ்' நாலு வருஷம் ஓடுச்சு, 1951ல படமாவும் வந்துச்சு. குதிரைப் பந்தயத்துல குதிரையை மாத்தற 'டிரை ராட்' 1956ல படமாச்சு. ரிக்ஸைப் பத்தி ஒண்ணு சொல்லாமத் தாண்ட முடியல எனக்கு. பேன்ட் அவிழற காமெடிக்குப் பேர் போன அந்த மனுஷனோட மூத்த பொண்ணு டவுன் சிண்ட்ரோமோட பிறந்தவ. பின்னாடி மேடையை விட்டுட்டு மென்கேப் அமைப்போட தலைமைப் பொறுப்புக்கு வந்து, அறிவுத்திறன் குறைபாடு இருக்கறவங்களுக்காக வாழ்க்கையோட பெரும்பகுதியைக் குடுத்தாரு. அது தெரிஞ்சதுக்கு அப்புறம் அவரோட பழைய படங்களை வேற கண்ணாலதான் பாக்கறேன். ஆனாலும் சித்தி வீட்டுக்கு 'டிரை ராட்' வேண்டாம், பந்தயம், பந்தயப் பணம் வாங்கற புக்கி எல்லாம் பசங்களுக்கு விளக்கறதுக்குள்ள படம் ஓடிடும்.

1973ல வந்த ரெண்டையும் சேத்தே சொல்லிடறேன். 'நோ செக்ஸ் ப்ளீஸ், வீ ஆர் பிரிட்டிஷ்' மேடையில 1971லேர்ந்து 1987 வரைக்கும், 6,761 காட்சி. மேடையில மைக்கேல் கிராஃபோர்ட் உயிரைக் குடுத்துப் பண்ண ரோல் படத்துல ரானி கார்பெட்டுக்கு. பேங்குக்கு மாடியில குடியிருக்கற புதுசாக் கல்யாணமான ஜோடிக்கு ஆபாசப் புத்தகமும் படமும் பார்சல் பார்சலா வந்து இறங்குது, ஒளிக்க முடியாம அல்லாடறாங்க. கார்பெட் நல்ல நடிகர், ஆனா படம் ரோட்டுக்கு இறங்கிடுச்சு, ஒளிக்கற பதட்டம் ஒரே வீட்டுக்குள்ள அடைஞ்சு இருந்தாத்தான் கொதிக்கும், வெளியில போனா ஆறிடும். 'நாட் நவ், டார்லிங்' ஃபர் கோட் கடையில நடக்கறது, பல கேமரா வெச்சு டிவி நாடகம் மாதிரி எடுத்தது, கதவு கணக்கு இதுல நெஜமாவே நல்லா இருக்கு, ஆனா பொண்ணுங்க துணி ஜன்னல் வழியாப் பறக்கறதுதான் கதை. பசங்களோட உக்காந்து இந்த ரெண்டையும் பாக்க முடியாது, அதோட பொம்பளைங்களை அதுல பாக்கற பார்வையும் எனக்கு இப்ப ஒத்துக்கல.

சித்தியை மட்டும் மனசுல வெச்சா ஒரு படம் ரொம்ப இழுத்துச்சு, 'செய்லர் பிவேர்!'. 1955 நாடகம், 1956 படம். கடற்படையில இருக்கற மாப்பிள்ளை, நாளைக்குக் கல்யாணம், பொண்ணோட அம்மா எம்மா ஹார்னெட்டா பெக்கி மவுண்ட். அந்தக் குரலைக் கேட்டாலே வீட்ல எல்லாரும் நிமிந்து உக்காருவாங்க. புருஷன் அவளுக்குப் பயந்து, தான் வளக்கற ஃபெரட்டுகளோட (கீரி மாதிரி சின்னப் பிராணி) போய் ஒண்டிக்கறாரு, நாத்தனார் ஒரு ஓரமா அழுதுக்கிட்டே வேலை செய்யறா, மாப்பிள்ளை சர்ச்சுக்கே வரல. ஏன் வரலன்னா, மாமியார் வீட்டுக்குப் பக்கத்துலயே இவங்களுக்கு வீடு பாத்து வெச்சிருக்கற விஷயம் அவனுக்கு முன்னாடியே சொல்லப்படல. இதுக்கு மேல சித்திக்கு என்ன சப்டைட்டில் வேணும் சொல்லுங்க. மேடையில இந்த ரோல்தான் பெக்கி மவுண்ட்டை நட்சத்திரமாக்கினது, படத்துலயும் அவங்களையே போட்டது புத்திசாலித்தனம். ஆனா இது குணத்தை வெச்சு ஓடற ஃபார்ஸ், கதவை வெச்சு ஓடறது இல்ல, அந்த வயித்து இழுப்பு இதுல கம்மி. மூணாவதா வெச்சுக்கிட்டேன்.

'தி இம்பார்ட்டன்ஸ் ஆஃப் பீயிங் எர்னஸ்ட்' 1952 படத்தை ஏன் சொல்லலன்னு கேக்கறவங்க இருப்பீங்க. அதுல நடிச்ச ஈடித் எவான்ஸை எத்தனை தடவை வேணும்னாலும் பாப்பேன். ஆனா அது காதுக்கான படம், ஒவ்வொரு வாக்கியத்தையும் ருசிச்சுச் சாப்பிடணும், சித்தி பாதியில எழுந்து தோசை மாவு கரைக்கப் போயிடுவாங்க.

இப்ப கடைசிச் சுத்து. 'தி ஹேப்பியஸ்ட் டேஸ் ஆஃப் யுவர் லைஃப்' 1950, 'நாய்சஸ் ஆஃப்' 1992. ரெண்டு நாள்ல ஒன்றரை நாள் இதுலயே போச்சு.

முதல்ல 'ஹேப்பியஸ்ட் டேஸ்'. ஜான் டைட்டன் எழுதின நாடகம், 1948ல லண்டன் அப்பல்லோ தியேட்டர்ல ஓடுச்சு. போர் முடிஞ்ச காலம், கட்டடம் இல்ல, எல்லாத்துக்கும் தட்டுப்பாடு, பள்ளிக்கூடங்களை இங்கயும் அங்கயும் மாத்திக்கிட்டு இருக்காங்க. அரசாங்க ஆபீஸ்ல ஒரு பேப்பர் தப்பாப் போய், பசங்க ஸ்கூல்ல ஒரு பொண்ணுங்க ஸ்கூலையே கொண்டாந்து இறக்கிடறாங்க. பசங்க ஸ்கூல் ஹெட்மாஸ்டர் அலாஸ்டெர் சிம், பொண்ணுங்க ஸ்கூல் ஹெட்மிஸ்ட்ரஸ் மார்கரெட் ரதர்ஃபோர்ட், ரெண்டு பேரும் முதல்ல சண்டைக்கோழி. அப்புறம் ஒரே நாள்ல ரெண்டு ஆபத்து: இவருக்கு வேற பெரிய ஸ்கூல்ல வேலை குடுக்கறதா இருக்கற நிர்வாகிங்க பாக்க வராங்க, அங்க பொண்ணுங்க இருக்கறது தெரியக்கூடாது. அதே நேரம் பொண்ணுங்களோட அப்பா அம்மா வராங்க, அவங்களுக்குப் பசங்க இருக்கறது தெரியக்கூடாது. ஒரு கூட்டத்தை இந்த வழியாச் சுத்திக் காட்டணும், இன்னொரு கூட்டத்தை அந்த வழியா, இவங்க ரூமுக்குள்ள நுழையறதுக்குள்ள வகுப்பு மாறணும், மைதானத்துல விளையாட்டே மாறணும்.

இங்கதான் நான் கேட்ட கேள்விக்கு பதில் இருக்கு. டைட்டனும் டைரக்டர் ஃப்ராங்க் லாண்டரும் சேர்ந்து திரைக்கதை எழுதறப்ப நாடகத்தோட கதவுகளைப் படத்துக்கு அப்படியே தூக்கிட்டு வரல, ஸ்கூல் முழுசையுமே கதவா மாத்திட்டாங்க. வராந்தா ஒரு கதவு, மாடிப்படி ஒரு கதவு, வகுப்பறை ஒரு அலமாரி. வெளியில போனாலும் கொதிப்பு ஆறல, ஏன்னா காம்பவுண்டுக்குள்ளயேதான் ஓடறாங்க, யாரு எந்தப் பக்கத்துலேர்ந்து வராங்கங்கற கணக்கு நமக்கு ஒரு நொடிகூட விட்டுப்போகல. கட் பண்ணினா ஃபார்ஸ் செத்துடும்னு நான் நெனச்சுக்கிட்டு இருந்ததை இந்தப் படம்தான் மாத்துச்சு, ரெண்டு கூட்டத்துக்கும் நடுவுல கட் பண்ணப் பண்ண இழுப்பு ஏறுதே தவிர குறையல. மேடையிலயும் ரதர்ஃபோர்ட்தான் அந்த ரோல், அதனால அவங்க நடையில ஒரு பழக்கப்பட்ட அதிகாரம் இருக்கு. சிம் முகத்தைப் பத்தி என்ன சொல்றது, ஒரு மனுஷன் உள்ளுக்குள்ள மெதுவா இடிஞ்சு விழறதைக் கண்ணிமையாலயே காட்டறாரு. ஜாய்ஸ் கிரென்ஃபெல்லும் இருக்காங்க, தன்னைச் செல்லப் பேர் சொல்லிக் கூப்பிடச் சொல்லி எல்லார்கிட்டயும் வெள்ளந்தியாக் கேக்கற டீச்சரா. கறுப்பு வெள்ளை, ஒன்றரை மணி நேரம்கூட இல்ல, பசங்களுக்குப் புரியாதது ஒண்ணுமே கிடையாது, ஸ்கூல்ல பெரியவங்க மாட்டிக்கிட்டு முழிக்கறதை விட எட்டு வயசுக்கு வேற என்ன சந்தோஷம். முடிவு மட்டும் சட்டுனு நின்னுடுது, டாங்கனிக்காவுக்கு (இப்ப தான்சானியாவோட பகுதி) நிலக்கடலை பயிரிடப் போறதைப் பத்திப் பேசறாங்க, அந்தக் காலத்து பிரிட்டிஷ் அரசாங்கம் அங்க பெரிசா ஆரம்பிச்சு நாசமாப் போன திட்டம் அது, தெரியாதவங்களுக்கு அந்த ஜோக் போய்ச் சேராது. அதை முன்கூட்டியே சொல்லி வெச்சுட்டா போதும்.

'நாய்சஸ் ஆஃப்' வேற ரகம். மைக்கேல் ஃப்ரெய்ன் தன்னோட இன்னொரு நாடகத்தைச் சைடு விங்லேர்ந்து பாத்தப்ப, முன்னாடி இருக்கறதை விட பின்னாடி இருந்து பாத்தா இன்னும் சிரிப்பா இருக்கேன்னு தோணி எழுதினது, 1982. ஒரு மட்டமான ஃபார்ஸ் போடற குழு, அந்த நாடகத்தோட முதல் அங்கத்தையே நாம மூணு தடவை பாக்கறோம். முதல் தடவை ரிகர்சல், முன்னாடிலேர்ந்து. ரெண்டாவது தடவை செட்டுக்குப் பின்னாடிலேர்ந்து, அதுக்குள்ள குழுவுல காதல் முறிஞ்சு, பொறாமை ஏறி, ஒருத்தரை ஒருத்தர் கொல்லாத குறை. மூணாவது தடவை மறுபடி முன்னாடிலேர்ந்து, எல்லாம் சுக்குநூறு. படத்துல டைரக்டர் பீட்டர் போக்டனோவிச். 1956ல 'செய்லர் பிவேர்!'ல பேர்கூடப் போடாம ஒரு மாலுமியா வந்துட்டுப் போன மைக்கேல் கெய்ன், 36 வருஷம் கழிச்சு இதுல நாடகக் குழுவோட டைரக்டர். கேரல் பர்னெட், ஜான் ரிட்டர், கிறிஸ்டோஃபர் ரீவ், குடிச்சுட்டு எங்கயாவது போய் ஒளிஞ்சுக்கற வயசான நடிகரா டென்ஹோம் எலியட், அதே வருஷம் அவர் காலமாயிட்டாரு.

இந்தப் படம் கதவைத் தொடவே இல்ல, செட்டு செட்டாவே இருக்கு, நீளமான ஷாட்டா எடுத்து கேமராவை அதுங்களுக்கு நடுவுல நடக்க விட்டுட்டாங்க. அந்த நடுப்பகுதி, செட்டுக்குப் பின்னாடி நடக்கறது, அதுக்கு ஈடா நான் எந்தப் படத்துலயும் பாத்தது இல்ல. முன்னாடி நாடகம் நடந்துக்கிட்டு இருக்கறதால பின்னாடி யாரும் சத்தம் போட முடியாது, அதனால சண்டை முழுக்க ஊமை. கோடாலி, விஸ்கி பாட்டில், பூங்கொத்து, கள்ளிச்செடி, ஒருத்தனோட ரெண்டு ஷூ லேஸும் சேத்துக் கட்டினது, இதெல்லாம் கை மாறி கை மாறிப் போகுது, நடுநடுவுல அவங்கவங்க க்யூ வந்ததும் கதவைத் திறந்துக்கிட்டு மேடைக்குப் போய் வசனம் பேசிட்டுத் திரும்பி வந்து சண்டையைத் தொடர்றாங்க. இங்கிலீஷே தெரியாதவங்ககூட விழுந்து விழுந்து சிரிப்பாங்க.

அப்ப சித்திக்கு இதுதானேன்னு நீங்க கேக்கலாம், நானும் ஒரு ராத்திரி பூரா அப்படித்தான் நெனச்சேன். பிரச்னை முதல் பகுதியில. அந்த ரிகர்சல் பூரா பேச்சு, வேகமான பேச்சு, அதுல மீன் தட்டு எங்க வைக்கறாங்க, டெலிஃபோன் எங்க, பேப்பர் எங்க, பை எங்க, யாரு எந்தக் கதவுல போறாங்கன்னு எல்லாம் மனசுல ஏறினாத்தான் அடுத்த ரெண்டு பகுதியும் வெடிக்கும். அங்க கவனம் சிதறினா நடுப்பகுதி வெறும் குழப்பமாத் தெரியும். எட்டு வயசுப் பையன் அந்த முதல் பகுதிக்கு உக்கார மாட்டான், அவனோட சேந்து சித்தியும் எழுந்துடுவாங்க. அதோட ஒரு பொண்ணு படம் பூரா உள்ளாடையோட ஓடறா, குடும்பமா உக்காந்தா ரிமோட்டைத் தேடற நிலைமை வரும். படத்து மேல எனக்கு வேற ரெண்டு வருத்தமும் உண்டு. நாடகத்துல இந்தக் குழு இங்கிலாந்தோட சின்னச் சின்ன ஊர்ல சுத்தும், வெஸ்டன் சூப்பர் மேர் மாதிரி கடலோர ஊரு, பாதி காலியான மதிய ஷோ, அதுல ஒரு சோகம் கலந்திருக்கும். படத்துல அதை அமெரிக்காவுக்கு மாத்திட்டாங்க. கடைசியில பிராட்வேல நாடகம் ஜெயிக்கற மாதிரி ஒரு சந்தோஷ முடிவு ஒட்டினாங்க, அது நாடகத்துல கிடையாது, தேவையும் இல்ல. கடைசி ரெண்டு நிமிஷத்தை நான் எப்பவும் நிறுத்திடுவேன்.

ஆக சித்தி பையனுக்கு சொன்னது இதுதான்: சனிக்கிழமை எல்லாரோடயும் 'ஹேப்பியஸ்ட் டேஸ்', சப்டைட்டில் போட்டு. ஞாயித்துக்கிழமை பசங்க தூங்கினதுக்கு அப்புறம் நீயும் உன் வைஃப்பும் 'நாய்சஸ் ஆஃப்', மேடை ஏறினவளுக்கு அது வேற மாதிரி வலிக்கும், வேற மாதிரி சிரிப்பு வரும். சித்தி தனியா இருக்கற ஒரு மத்தியானம் 'செய்லர் பிவேர்!'. வீட்ல குட்டிப் பசங்க இல்லாம, இங்கிலீஷ் சினிமா பழகின நாலு நண்பர்கள்னா நேரா 'நாய்சஸ் ஆஃப்'ல ஆரம்பிங்க, யோசிக்கவே வேண்டாம்.

ஒண்ணே ஒண்ணு மட்டும் அவன்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டேன். 'நாய்சஸ் ஆஃப்' போடறப்ப முதல் பகுதி முடியற வரைக்கும் ரெண்டு பேரோட போனும் வேற ரூம்ல இருக்கணும், அந்த மீன் தட்டு எங்க வைக்கறாங்கன்னு மட்டும் விடாமப் பாக்கணும்.